டிஜிட்டல் லாஜிக் கற்க எதை வாங்குவது?

கேள்வி: டிஜிட்டல் லாஜிக் சர்க்யூட்டுகளை அடிப்படையிலிருந்து கற்க ஆசை. பயிற்சிக்கென்றே சிப்புகளைப் பொருத்தி விற்கும் டிரெய்னர் கிட் வாங்குவதா, உள்ளிருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி அமைக்கக்கூடிய சிப் கொண்ட எஃப்.பி.ஜி.ஏ. போர்டு வாங்குவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். கணினியில் லாஜிசிம் போன்ற இலவச சிமுலேட்டரைப் போட்டுக்கொண்டு, எந்த இன்புட்டுக்கு எந்த அவுட்புட் வரும் என்று காட்டும் உண்மை அட்டவணை எழுதி, நாட், ஆண்ட், ஆர் போன்ற லாஜிக் கேட்டுகளை இணைத்துப் பாருங்கள். ஒரு 4 பிட் ஆடரை (இரண்டு பைனரி எண்களைக் கூட்டும் சர்க்யூட்) யார் உதவியும் இல்லாமல் வரைய முடிந்த பிறகு பணத்தை எடுக்கலாம்.

அப்போது வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: பிரெட்போர்டு, 5 வோல்ட் சப்ளை, ஒயர்கள், சில எல்.இ.டி.கள், ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். சிப்பில் 74எச்.சி.00 நான்கைந்து வாங்குங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு நேண்ட் கேட்டுகள் (இன்புட் இரண்டும் 1 ஆனால் மட்டும் 0 தருபவை) இருக்கின்றன. நாட், ஆண்ட், ஆர் எல்லாவற்றையும் நேண்டை வைத்தே கட்டிவிடலாம்; நான்கையும் சேர்த்தால், இன்புட் இரண்டும் வேறுபட்டால் மட்டும் 1 தரும் எக்ஸ்-ஆர் வந்துவிடும். இரண்டை எடுத்து, ஒன்றின் அவுட்புட்டை மற்றதன் இன்புட்டுக்குக் குறுக்காகக் கொடுத்தால் ஒரு பிட்டை நினைவில் வைத்திருக்கும் லாட்ச் தயார். நினைவகம் என்பது இவ்வளவுதானா என்று கண்ணெதிரே புரியும் அந்த இடத்துக்காகவே இதை வாங்கச் சொல்கிறேன். அப்புறம் எண்ணிக்கொண்டே போகும் கவுண்டர் கட்ட 74எச்.சி.74 இரண்டு போதும்; அதில் இருப்பவை ஃபிளிப்-ஃபிளாப்புகள், அதாவது கிளாக் என்ற சீரான துடிப்பு வரும்போது மட்டும் தன் பிட்டை மாற்றுபவை.

ஆர்டர் போடும்போது டி.ஐ.பி. பேக்கேஜ் (இருபுறமும் நீண்ட கால்கள் உள்ள வடிவம்) என்று இருக்கிறதா எனக் கட்டாயம் பாருங்கள். அதே எண்ணில், போர்டின் மேல் ஒட்டிச் சால்டர் செய்யும் சின்ன வடிவமும் விற்கிறது. அது பிரெட்போர்டில் உட்காராது. எண்ணின் நடுவில் உள்ள எழுத்து சிப்பின் வகை: 74எல்.எஸ்.00 போன்ற எல்.எஸ். வகைக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வேண்டும், எச்.சி. வகை 2 முதல் 6 வோல்ட் வரை வேலை செய்யும், அதனால் பேட்டரியிலும் ஓட்டலாம். ஆனால் எச்.சி.யில் பயன்படாத இன்புட்டை அந்தரத்தில் விடாதீர்கள். சப்ளையிலோ கிரவுண்டிலோ சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சர்க்யூட் காரணமே தெரியாமல் தடுமாறும், நல்ல சிப்பைக் கெட்டது என்று தூக்கிப் போடுவீர்கள். ஒவ்வொரு சிப்பின் சப்ளை காலருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். நீளமான பிரெட்போர்டு சிலவற்றில் பவர் வரிசை நடுவில் துண்டாகி இருக்கும், அதையும் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரெய்னர் கிட்டில் இருப்பதும் பெரும்பாலும் இதே வகை சிப்புகள்தான். பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் ஆய்வகத்துக்கு அது சரி, ஒருவருக்குத் தேவையில்லை. எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் அல்லது வி.எச்.டி.எல். மொழியைக் கற்க வேண்டும், ஃபிளிப்-ஃபிளாப்பும் கிளாக்கும் கைவந்த பிறகு வாங்குங்கள். வாங்கும் முன், அந்த போர்டில் உள்ள சிப்புக்கு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.