உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் டீச்சருக்கு

அம்பாசமுத்திரம் பக்கம் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்துவிட்டு, அதே நிர்வாகத்தின் உயர்நிலைப் பள்ளிக்கு ஜூனில் போகிறேன், பாட ஆசிரியர்கள் என் பேச்சைக் கேட்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள் டீச்சர். கேட்பார்கள், ஆனால் பழைய வழி அங்கே செல்லாது.

சின்னப் பள்ளியில் நீங்களே ஒரு வகுப்பு எடுப்பீர்கள், பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே மற்ற டீச்சர்மாருக்கு வழி தெரிந்துவிடும், பீடி சுற்றும் அம்மாவும் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்கு நீங்கள் கணக்குச் சொல்லித்தர முடியாது, தரவும் வேண்டாம். எந்தப் பிள்ளை எதில் பின்தங்குகிறது என்று பாட ஆசிரியர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள், கால அட்டவணையை அவர்களோடு சேர்ந்தே போடுங்கள்.

அப்புறம், நம்ம பக்கத்தில் இதைவிடப் பெரிய வேலை, பையன்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை, அவனோடு படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன்பின் தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் தடுக்கச் சொன்னது. கயிற்றை அறுத்தால் மட்டும் போதாது டீச்சர். திடீரென்று பள்ளிக்கு வராமல் நிற்கும் பையன் வீட்டுக்கு அன்றைக்கே பேசுங்கள், புகார் சொன்னவன் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வகுப்பில் யார் பக்கத்தில் யார் என்பதை வகுப்பு ஆசிரியரே முடிவு செய்யட்டும்.