நாசா சொன்ன 'ஆர்செனிக் உயிரி' பொய்யா? பதினைந்து வருடம் எல்லோரையும் ஏமாற்றினார்களா?

ஏமாற்றவில்லை. உயிருக்குத் தேவையான பாஸ்பரஸுக்குப் பதிலாக, விஷமான ஆர்செனிக்கை வைத்து ஒரு பாக்டீரியா வாழ்கிறது என்று தப்பாகச் சொன்னார்கள், அதையும் மேளதாளத்தோடு சொன்னார்கள். கேள்வியில் இருக்கும் கோபத்தைப் பார்த்தால், 2010-ல் அந்தச் செய்தியை நம்பி நாலு பேரிடம் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

"நாசாவைப் பற்றிப் பேச நீ யார்?" என்று வரப்போகிறவர்களுக்கு: நான் விஞ்ஞானி இல்லை. தண்ணீர் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை. பாஸ்பேட், அதாவது தண்ணீரில் பாஸ்பரஸ் கரைந்திருக்கும் வடிவம், அதை அளப்பது என் பிழைப்பு. இந்த விவகாரம் சறுக்கியதும் பாஸ்பேட்டில்தான்.

கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் உப்பும் அதிகம், ஆர்செனிக்கும் அதிகம். அந்தச் சேற்றிலிருந்து, நாசா நிதி பெற்ற ஆய்வாளர் ஃபெலிசா உல்ஃப்-சைமனின் குழு ஜிஎஃப்ஏஜே-1 என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது. பாஸ்பேட் போடாமல் ஆர்செனேட் (ஆர்செனிக்கின் அதே மாதிரி வடிவம்) மட்டும் கொடுத்தும் அது வளர்கிறது, டிஎன்ஏவில் பாஸ்பரஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஆர்செனிக் உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். 2010 டிசம்பர் 2 செய்தியாளர் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே, 'வேற்றுக்கிரக உயிர்த் தேடலைப் பாதிக்கும் கண்டுபிடிப்பு' என்று நாசா ஓர் அறிவிப்பு விட்டது. கேட்கவேண்டுமா? வேற்றுக்கிரகவாசியே கிடைத்துவிட்டார் என்று வதந்தி கிளம்பிவிட்டது.

யோசனை ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. தனிம அட்டவணையில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே ஆர்செனிக், அதனால் இரண்டும் பல விதத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். எங்கள் மாலிப்டேட் சோதனையில் பாஸ்பேட் இருந்தால் தண்ணீர் நீலமாகும். ஆர்செனேட் இருந்தாலும் அதே நீலம்தான். ஆனால் பாஸ்பரஸ் பிணைப்பு தண்ணீரில் நின்று பிடிக்கும், ஆர்செனிக் பிணைப்பு சட்டென்று அறுந்துவிடும்.

இப்போது என் கதை. எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஏரித் தண்ணீர் சாம்பிள்கள் வைத்திருந்தான். எல்லாமே பளிச்சென்று நீலம். "அண்ணா, ஏரி முழுக்கச் சாக்கடைதான்" என்று ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிட்டான். பிளாங்கைக் காட்டு என்றேன். வெறும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய குடுவை அது, நிறமில்லாமல் இருக்கவேண்டும். அதுவும் நீலம்! சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருக்கிறான்; கண்ணாடியில் ஒட்டிய பாஸ்பேட் அத்தனையும் ஏரியின் கணக்கில் ஏறியிருக்கிறது. எல்லாவற்றையும் நீர்த்த அமிலத்தில் ஊறப்போட்டு, அலசி, மறுபடி முதலிலிருந்து செய்யவைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தான். இரண்டாம் தடவை பாதிக் குடுவைகளில் நிறமே வரவில்லை.

மோனோ ஏரி விஷயத்தில் சோப்பு இல்லை, பாக்டீரியாவை வளர்த்த கரைசலில் போட்ட உப்புகளோடு கொஞ்சம் பாஸ்பேட் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை, சுமார் 3 மைக்ரோமோலார் என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். ஆர்செனேட் 40 மில்லிமோலார், அதாவது பதின்மூன்றாயிரம் மடங்கு. இருந்தும் அந்தத் துளி பாஸ்பேட்டே அந்த வளர்ச்சிக்குப் போதும் என்று கனடாவின் நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்ட் இரண்டே நாளில் தன் வலைப்பதிவில் எழுதினார். டிஎன்ஏவைச் சரியாகக் கழுவிச் சுத்தம் செய்யவில்லை என்றும் சொன்னார்.

நியாயமாகச் சொன்னால் மூலக் குழுவிடமும் ஒரு வாதம் இருந்தது: அதே துளி பாஸ்பேட் இருந்தும் ஆர்செனேட் போடாத குடுவையில் வளரவில்லையே என்றார்கள். ஆனால் ரெட்ஃபீல்ட் குழு செய்து பார்த்தபோது ஆர்செனேட் வளர்ச்சிக்கு உதவவே இல்லை. சுத்தம் செய்த டிஎன்ஏவில் பிணைந்த ஆர்செனிக்கும் இல்லை. சூரிச் குழு ஒன்றும் அந்த பாக்டீரியாவுக்கு பாஸ்பேட் தேவை என்றே காட்டியது. இரண்டும் 2012-ல் வெளிவந்தன. மூலக் கட்டுரையை வெளியிட்ட 'சயன்ஸ்' இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2025 ஜூலையில், அதுவும் மோசடி என்று சொல்லி இல்லை, முடிவுக்கு ஆதாரம் போதாது என்று. எழுதியவர்கள் அதை ஏற்கவில்லை. ஆக, அறிவியல் உலகத்துக்கு 2012-லேயே விஷயம் முடிந்துவிட்டது. நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

"அவ்வளவு பெரிய ஆட்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியும். ஆனால் மேடையில் மைக் வைத்தபிறகு யாரும் பிளாங்கைப் பற்றிப் பேசுவதில்லை.

மேடை என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். வாட்டர் பியூரிஃபையர் விற்க வீட்டுக்கு வருகிறவர்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் கொடுப்பார்கள். தண்ணீர் பழுப்பாகிவிடும். "பாருங்க சார், இதைத்தான் குடிக்கிறீங்க!" அது இரும்புக் கம்பி கரைகிற நிறம். அவர்கள் மெஷினிலிருந்து வரும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அவ்வளவாக ஓடாது, அது தெளிவாகவே நிற்கும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அதுவும் பழுப்பாகிவிடும். இதையெல்லாம் என் மாமனாரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரமே தவணையில் வாங்கிவிட்டார். தண்ணீர் பரிசோதிக்கிற மருமகன் வீட்டில் இருந்து என்ன பிரயோஜனம் சொல்லுங்கள்.