சின்ன டிராக்டர், பெரிய டீசல் பில்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் இரண்டு ஏக்கர் டுரியான், ஐந்து ஏக்கர் செம்பனை என்று சொந்த நிலத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 2024 ஜூன் 10ஆம் தேதி லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவிய பிறகுதான் பலர் தொட்டியை எட்டிப் பார்க்கவே ஆரம்பித்தார்கள். தோட்ட டிராக்டர்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஜாலோங்கிலிருந்து: அண்ணே, என்னுடையது 28 எச்.பி. (குதிரைத்திறன்) டிராக்டர். மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்? ஒருவர் 2 என்கிறார், இன்னொருவர் 6 என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான் தம்பி, வேலைதான் வேறு. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் முப்பது சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றும். மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் சூடாகப் போய்விடும். ஆகவே, ஒரு லிட்டருக்கு 4 எச்.பி. ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 12 எச்.பி. இழுக்கும் புல்வெட்டு வேலைக்கு மணிக்கு 3 லிட்டர். 28 எச்.பி.யும் முழுசாக இழுத்தால் 7 லிட்டர். சும்மா நின்று உறுமினால் முக்கால் லிட்டர் போல. பானெட்டில் எழுதியிருக்கும் எண் உச்சவரம்பு மட்டும்தான், அன்றாடச் செலவை அது சொல்லாது.

மணிக்கணக்கையும் ரொம்ப நம்பாதீர்கள். மெதுவாக ஓட்டி மணிக்கு 2 லிட்டர் என்று பெருமைப்படுகிறவர் ஒரு ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் எடுத்தால் 4 லிட்டர் ஆகிறது. ஏக்கருக்கு எத்தனை, ஒரு நடைக்கு எத்தனை என்று கேளுங்கள்.

அதே தம்பி: சரி, எப்படித் துல்லியமாக அளப்பது? மீட்டர் முள்ளைப் பார்த்தால் போதுமா?

முள் ஏமாற்றும். டிராக்டரைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, டீசலைத் தொட்டியின் கழுத்து வரை ஊற்றுங்கள். நுரை அடங்க ஐந்து நிமிடம் விட்டு மறுபடி நிரப்புங்கள். ஒரே வகை வேலையைக் குறைந்தது மூன்று மணி நேரம் செய்துவிட்டு, அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிறுத்தி, கோடு போட்ட அளவு ஜாடியால் மறுபடி கழுத்து வரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் செலவு. அரை மணி நேர வேலைக்கு இந்தச் சோதனை வேண்டாம், 200 மில்லி பிசகினாலும் கணக்கு தலைகீழாகிவிடும்.

நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். பழைய டிராக்டர்களில் மணி மீட்டர் எஞ்சின் சுழற்சியைத்தான் எண்ணும். குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓடினால்தான் அதன் ஒரு மணி நம் ஒரு மணி. மெதுவாக ஓட்டினால் அது பின்தங்கும், அதை வைத்து வகுத்தால் டிராக்டர் அநியாயமாகக் குடிப்பது போலத் தெரியும்.

லிந்தாங் பக்கத்து அக்கா: செம்பனை வரிசைக்கு நடுவில் 4 அடி ஸ்லாஷர் (டிராக்டர் பின்னால் மாட்டும் புல்வெட்டி) போடுகிறோம். ஏக்கருக்கு 6 லிட்டர் போகிறது. கூடவா?

கூடத்தான் அக்கா. 4 அடி ஸ்லாஷர் 1.2 மீட்டர் வெட்டும். வெட்டிய இடத்தின் மேலேயே பத்து சென்டிமீட்டர் போல ஏறி வெட்டுவதைக் கழித்தால் 1.1 மீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 4,400 சதுர மீட்டர், அதாவது ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். மரத்தைச் சுற்றுவது, வரிசை முனையில் திரும்புவது எல்லாம் சேர்ந்தால் நிஜத்தில் மணிக்கு 0.8 ஏக்கர். மணிக்கு 3 லிட்டர் என்றால் ஏக்கருக்கு மூன்றே முக்கால். 4 வரைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

6 ஆகிறது என்றால் முதலில் கத்தியைக் கழற்றிப் பாருங்கள். முனை உருண்டுபோன கத்தி புல்லை வெட்டாது, அடித்துக் கிழிக்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை ஃபைல் (அரம்) போட்டால் போதும், சவரக்கத்தி போலக் கூர் வேண்டாம். இரண்டு கத்தியையும் எடை பார்த்துத் தீட்டுங்கள், இல்லாவிட்டால் அதிர்ந்து பேரிங் போய்விடும். அடுத்தது உயரம். பலர் மண்ணைச் சுரண்டும் அளவுக்கு இறக்கிவிடுகிறார்கள். தரையிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் விடுங்கள். மூன்றாவது, காலைப் பனி. ஈரப்புல் தட்டுக்கு அடியில் களிமாதிரி ஒட்டிக்கொண்டு கத்தியைப் பிடிக்கும். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் அதே புல் இலேசாகப் போகும். வெட்டிப் போட்ட மட்டையை வரிசையில் அடுக்காமல் அதன் மேலேயே ஸ்லாஷரை ஓட்டினால் டீசல் மட்டுமல்ல, ஷியர் போல்ட்டும் (அதிகச் சுமையில் தானே உடைந்து கியரைக் காக்கும் போல்ட்) போகும்.

ரிம்பா பஞ்சாங்கிலிருந்து ஐயா ஒருவர்: குலை ஏற்றும் டிரெய்லருக்கு ஒரு நாள் 5 லிட்டர், மழை நாளில் 12. தூரம் ஒன்றுதானே?

தூரம் ஒன்று, தரை வேறு ஐயா. டிராக்டர் 1.2 டன், டிரெய்லர் அரை டன், குலை ஒன்றரை டன் என்று வையுங்கள். மொத்தம் 3.2 டன். இறுகிய கல் ரோட்டில் மணிக்கு 10 கிலோமீட்டரில் இதை உருட்ட 4 எச்.பி. போதும். சக்கரம் அழுந்தும் ஈரக் களிமண்ணில் அதே வேகத்துக்கு 15 எச்.பி. வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற மேடாக இருந்தால் அதற்கு மட்டும் தனியாக 12 எச்.பி. இதற்கு மேல் சக்கரம் வழுக்கல்.

வழுக்கலை அளப்பது சுலபம். பின் டயரில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். காலி டிராக்டரில் பத்து சுற்று ஓடிய தூரத்தை அளந்து, அதே தரையில் சுமையோடு பத்து சுற்று அளங்கள். காலியில் 36 மீட்டர், சுமையில் 31 என்றால் 5 மீட்டர் வழுக்கல், கிட்டத்தட்ட 14 சதவீதம். மண்ணில் 15 வரை பொறுக்கலாம். 25 என்றால் நான்கில் ஒரு பங்கு டீசல் சேற்றைக் கிளறுகிறது. டயர் காற்றைக் கையேடு அனுமதிக்கும் குறைந்த அளவுக்கு இறக்குங்கள், டிரெய்லரில் பாரத்தை முன்பக்கமாக வைத்துக் கொக்கியில் எடை விழச் செய்யுங்கள். ஆனால் முன் சக்கரம் தூக்கும் அளவுக்கு வேண்டாம், மேட்டில் உயிருக்கு ஆபத்து. இரண்டு நடையாகப் பிரித்து ஏற்றுவது பல நேரம் லாபம். நிரந்தரத் தீர்வு மண்வெட்டி: பாரிட்டை (வடிகாலை) தூர் வாரித் தண்ணீர் ரோட்டில் நிற்காமல் செய்யுங்கள்.

கல் ரோட்டுக்கு வந்ததும் நான்கு சக்கர இழுவையை எடுத்துவிடுங்கள். முன் சக்கரங்கள் பின்னதைவிடச் சற்று வேகமாகச் சுற்றும்படிதான் கியர் வைத்திருக்கிறார்கள். கெட்டித் தரையில் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

லாசாவிலிருந்து: பெரிய கியர், குறைந்த ஆக்சிலேட்டர் என்கிறார்களே, எஞ்சின் கெடாதா?

இலேசான வேலைக்கு அதுதான் சரி. நிமிடத்துக்கு 2,600 சுற்றில் மூன்றாம் கியரில் போகிற வேகத்தையே 1,800 சுற்றில் நான்காம் கியரில் போங்கள். எஞ்சின் தன் உராய்வுக்கே தின்கிற டீசல் குறையும். எல்லை எங்கே என்று எஞ்சினே சொல்லும்: ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தள்ளினால் உடனே வேகம் எடுக்க வேண்டும். எடுக்காமல் கறுப்புப் புகை விட்டுத் திணறினால் ஒரு கியர் இறக்குங்கள்.

பி.டி.ஓ. (பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் தண்டு) வேலைக்கு இது அப்படியே பொருந்தாது. 540 சுற்று வேண்டிய ஸ்லாஷரை 400இல் ஓட்டினால் புல் படுத்துக்கொள்ளும், இரண்டாம் முறை வெட்ட வேண்டி வரும். 540ஐக் குறைந்த எஞ்சின் சுற்றிலேயே தரும் எகானமி பி.டி.ஓ. உங்கள் டிராக்டரில் இருந்தால் மருந்து பம்புக்கும் இலேசான புல்லுக்கும் அதைப் போடுங்கள். 1,000 சுற்றுக் கியரில் போட்டு ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டுகிற குறுக்கு வழி மட்டும் வேண்டாம். யாராவது தெரியாமல் ஆக்சிலேட்டரைத் தள்ளினால் கத்தி பறக்கும்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஆள் வைத்து ஓட்டுகிறேன். 28 எச்.பி., 5 மணி நேரத்தில் 40 லிட்டர் காலி. டீசல் திருட்டா?

கணக்கு சொல்கிறது: அந்த எஞ்சின் முழு மூச்சில் ஐந்து மணி ஓடினாலும் 35தான். 40 லிட்டரை அதனால் எரிக்கவே முடியாது. ஆனால் ஓட்டுகிறவரைத் தண்டல் (மேற்பார்வையாளர்) முன்னால் நிறுத்தி விசாரிக்கும் முன் குழாய்களைப் பாருங்கள், குறிப்பாக இன்ஜெக்டர்களிலிருந்து (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைகள்) தொட்டிக்குத் திரும்பும் சின்ன ரப்பர் குழாய். வெடித்திருந்தால் ஓடும்போது மட்டும் ஒழுகும், நிறுத்தினால் ஒழுக்கும் நின்றுவிடும். அடுத்து ஆயில் குச்சி. மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால் டீசல் எஞ்சின் ஆயிலுக்குள் போகிறது. ஒழுகும் இன்ஜெக்டர் காரணமாக இருக்கலாம், பழைய எஞ்சின்களில் டீசல் தூக்கும் பம்பின் ஜவ்வு கிழிந்திருக்கலாம். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள், மெலிந்த ஆயிலில் பேரிங் தாங்காது. இரண்டும் சுத்தமாக இருந்தால், மேலே சொன்ன கழுத்து அளவுச் சோதனையை நீங்களே பக்கத்தில் இருந்து ஒரு நாள் செய்யுங்கள். சண்டை இல்லாமல் முடிந்துவிடும்.

நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். சரியா?

தப்பு. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் முழுசாக எரியாது. சூடு ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் வலையில் லாலாங் புல்லின் பஞ்சு அடைத்திருக்கலாம். விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, புது தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள்.

டீசல் பம்பு திருகை இறக்கினால் மிச்சமாகுமா? குழாயில் காந்தம் மாட்டினால்?

திருகு அதிகபட்ச அளவை மட்டும் குறைக்கும். பாதிச் சுமையில் கவர்னர் (எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் பாகம்) தேவையானதைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், ஆகவே மிச்சம் இல்லை, மேட்டில் இழுவை மட்டும் போகும். காந்தம் ஃப்ரிட்ஜில் படம் ஒட்ட நல்லது.

பழைய மாஸி பெர்குசன் 135ஐ வைத்துக்கொள்ளவா, ரீகண்டிஷன் ஜப்பான் சின்ன டிராக்டர் வாங்கவா?

135இல் இருக்கும் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் ஏறக்குறைய 2.5 லிட்டர் எஞ்சின், நேரடி இன்ஜெக்‌ஷன். பழசானாலும் சிக்கனமான எஞ்சின். சின்ன ஜப்பான் எஞ்சின்கள் பலவற்றில் டீசல் முதலில் ஒரு துணை அறையில் எரியும். சத்தம் குறைவு, ஆனால் அதே வேலைக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதல் டீசல். இருந்தாலும் அரை ஏக்கர் டுரியான் நிலத்தில் புல் வெட்ட 135 தேவையில்லை, அந்த எடையைச் சுமந்து திரிவதே செலவு. நாள் முழுக்க டிரெய்லர் இழுப்பவர் 135ஐ விற்க வேண்டாம்.

பயோடீசலால்தான் செலவு கூடியது என்கிறார்களே?

2019 பிப்ரவரியிலிருந்து நம் பெட்ரோல் ஸ்டேஷன் டீசலில் 10 சதவீதம் செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. அதனால் சக்தி குறைவது ஒரு சதவீதம் அளவுதான், அளந்தாலும் கண்ணில் படாது. தொல்லை வேறு இடத்தில்: அது ஈரத்தை இழுக்கும், பழைய தொட்டியின் கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். ஃபில்டர் அடைத்தால் செலவு கூடாது, இழுவைதான் குறையும். பாதித் தொட்டியோடு வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள். வேலை முடிந்த மாலையே நிரப்பிவிட்டால் உள்ளே வியர்க்க இடம் இருக்காது. தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை வாரம் ஒரு முறை காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் திறந்துவிடுங்கள். டிரம்மில் வாங்கி அடுக்குவதாக இருந்தால், டீசல் கட்டுப்பாட்டுப் பொருள் என்பது நினைவிருக்கட்டும். உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளை அலுவலகத்தில் அனுமதி விவரம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.