எரிமலைச் சாம்பலும் வேலந்தாவளத்துக் கிணறும்

கேள்வி: ஐயா, 2025 நவம்பரில் எத்தியோப்பியாவில் எரிமலை வெடித்தபோது, ஜித்தாவிலிருந்து கொச்சிக்கு என் மகன் வரவேண்டிய விமானம் ரத்தாகிவிட்டது. "சாம்பலில் பாதரசம் இருக்கும், கிணற்றை மூடி வையுங்கள்" என்று போனில் சொன்னான். அன்றிலிருந்து கிணற்றுக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். குடிக்க போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர்தான். மருமகளுக்கு ஏழாம் மாதம் என்பதால் மீனும் வாங்குவதில்லை. தார்ப்பாயை எடுக்கலாமா?
– ஒரு வாசகி, வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள் அம்மா. போர் தண்ணீருக்கு மாறினீர்களே, எனக்கு அதுதான் கவலை.

நவம்பர் 23 அன்று வெடித்தது எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலுள்ள ஹேலி குப்பி எரிமலை. அதன் புகை சுமார் 14 கிலோமீட்டர் உயரம் எழும்பி, ஏமன், ஓமானைத் தாண்டி, குஜராத், ராஜஸ்தான், டெல்லி வழியாகச் சீனப் பக்கம் போய்விட்டது. நம் பாலக்காட்டுக் கணவாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எரிமலைச் சாம்பல் என்பது நொறுங்கிய கண்ணாடியும் பாறைத் தூளும். விமான எஞ்சினின் சூட்டில் அது உருகி உள்ளே அப்பிக்கொள்ளும். விமானத்தை நிறுத்தியது அதனால்தான், விஷத்துக்குப் பயந்து அல்ல.

எரிமலை பாதரசம் கக்குவது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் ஆவியாகத்தான் வரும்; மாதக்கணக்கில் காற்றோடு உலகம் சுற்றும். மனிதர்கள் காற்றில் கலப்பது இதைவிட எவ்வளவோ அதிகம். 2015-ல் மட்டும் சுமார் 2,200 டன். அதில் முதலிடம் சிறு தங்கச் சுரங்கங்களுக்கு. பொடித்த கல்லில் பாதரசத்தைக் கலந்து தங்கத்தைப் பிடிப்பார்கள், அப்புறம் பாதரசத்தைச் சுட்டு ஆவியாக்குவார்கள். அடுத்த இடம் நிலக்கரிக்கு.

இந்தப் பாதரசம் நம்மிடம் வருவது பெரும்பாலும் மீன் வழியாகத்தான். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக, அதாவது உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமாக, மாற்றும். சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப்போக அது சேர்ந்துகொண்டே போகும். 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிச்சத்துக்கு வந்தது இதுதான். அங்கே தொழிற்சாலைக் கழிவு நேராகக் கடலில் கலந்தது. தாய்க்கு நோய் தெரியாமலே வயிற்றுப் பிள்ளையின் மூளை பாதிக்கப்பட்டது. அதனால் மருமகளுக்குச் சுறாவும் பெரிய சூரையும் வேண்டாம். மத்தி, அயிலை, நெத்திலியை ஏன் நிறுத்தினீர்கள்? வாரம் இரண்டு முறை தாராளமாகக் கொடுங்கள். பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு அதில் இருக்கிறது.

சரி, போர் தண்ணீருக்கு வருகிறேன். எரிமலைச் சாம்பல் ஆளைக் கொன்ற கதை ஒன்று உண்டு. 1783-ல் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை வெடித்தபோது சாம்பலில் ஒட்டியிருந்த ஃபுளோரின் புல்லில் படிந்தது. அதை மேய்ந்த செம்மறி ஆடுகளில் ஐந்தில் நான்கு பங்கு செத்தன. பின்னால் வந்த பஞ்சத்தில் ஜனங்களும் கொத்துக்கொத்தாகப் போனார்கள். அதே ஃபுளோரின், ஃபுளோரைடு என்ற வடிவில், நம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கப் பாறைகளில் இருக்கிறது. மழை குறைவு, போர் ஆழம். பாறை இடுக்கில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்துப் பிள்ளைகள் என் வேதியியல் வகுப்பில் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார்கள். இந்த ஃபுளோரைடு அதிகமானதால் பல்லில் பழுப்புக் கறை. பான் பராக் என்று திட்டிய ஆசிரியர்களும் உண்டு!

குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருந்தால் பரவாயில்லை. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், போர் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்து, எது எது என்று எழுதி ஒட்டி, பாலக்காட்டில் வாட்டர் அதாரிட்டி பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். ஃபுளோரைடு பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். முடிவு வரும்வரை, குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருமென்றால் மருமகளுக்கு அதைக் காய்ச்சிக் கொடுங்கள்.