மனை பிரிக்கும் முன் மட்டம் பாருங்கள்

கேள்வி: நிலத்தை 40 மனைகளாகப் பிரித்து வரைபடம் தயாரித்துவிட்டோம். நகராட்சியில் முதலில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

உங்கள் கழிவுநீர் போய்ச் சேரவேண்டிய மேன்ஹோலின் இன்வர்ட் மட்டத்தை, அதாவது குழாயின் உள்ளடி மட்டத்தைக் கேளுங்கள். வரைபடம் போடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது இது. சாலையை வளைக்கலாம், மனையின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கழிவுநீரை மேட்டுக்கு ஏறச் சொல்ல முடியாது.

ஒரு கணக்கு. நிலம் சமதளம், அந்த மேன்ஹோலில் இன்வர்ட் 2 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, கடைசி மனை 300 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். 200 மி.மீ. குழாய்க்கு 250-க்கு 1 வாட்டம், அதாவது 250 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் சரிவு கொடுத்தால் 300 மீட்டரில் 1.2 மீட்டர் மேலே வந்துவிடும். திசை மாறும் மேன்ஹோல் ஒவ்வொன்றிலும் 3 செ.மீ. இறக்கம் தனி. ஆக, கடைசி மனை வாசலில் இன்வர்ட் ஆழம் 80 செ.மீ.கூட மிஞ்சாது. குழாயின் தலைக்கு மேல் சுமார் 60 செ.மீ. மண்தான் நிற்கும். லாரி ஓடும் சாலையில் இது போதாது, 90 செ.மீ.யாவது வேண்டும், இல்லையென்றால் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் போட வேண்டும். வீட்டு இணைப்பு 150 மி.மீ. குழாயாக 20 மீட்டருக்கு, 100-க்கு 1 வாட்டத்தில் வந்தால் இன்னும் 20 செ.மீ. போய்விடும்.

அப்போது யாராவது, “பெரிய குழாய் போடுவோம், வாட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம்” என்பார்கள். காகிதத்தில் இது சரிதான். ஆனால் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மணலும் கசடும் அடித்துப் போகும். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் நாலைந்து வீடுகள்தான் எழுந்திருக்கும். அந்தச் சிறு நீர் பெரிய குழாயின் அடியில் பரவி, வேகம் செத்து, கசடு படிந்து அடைப்பாகும்.

மிஞ்சுவது மூன்று வழிகள்: ஆழமான வேறு மேன்ஹோலைத் தேடுவது, மண் கொட்டி நிலத்தை உயர்த்துவது, பம்பு நிலையம் கட்டுவது. பம்பு கடைசி வழியாகவே இருக்கட்டும். ஒன்று ஓட, ஒன்று மாற்றாக இரண்டு பம்புகள், மின்தடைக்கு ஜெனரேட்டர், அதற்கெல்லாம் பராமரிப்பு யார் பொறுப்பு என்ற எழுத்து ஒப்பந்தம் ஆகியவை இல்லாத பம்பு நிலையம் முதல் பழுதிலேயே தெருவில் வழியும்.

கேள்வி: 40 வீட்டுக்கு 150 மி.மீ. குடிநீர்க் குழாய் கேட்கிறார்கள். இது வீண் செலவில்லையா?

குடிப்பதற்கும் குளிப்பதற்கும் மட்டும் என்றால் வீண்தான். 200 பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 150 லிட்டர் என்றால் மொத்தம் 30,000 லிட்டர். சராசரி நொடிக்கு 0.35 லிட்டர். உச்ச நேரத்தில் மும்மடங்கு வைத்தாலும் ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் தீயணைப்பு வீரர்கள் குழாய் மாட்டி நீர் எடுக்கும் ஹைட்ரன்ட் ஒன்றில் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் எடுத்தால் நொடிக்கு 17 லிட்டர் வேண்டும். 100 மி.மீ. குழாயில் அது நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடி அழுத்தத்தைத் தின்றுவிடும், 150 மி.மீ.யில் வேகம் ஒரு மீட்டருக்குள் அடங்கும். குழாயின் அளவைத் தீர்மானிப்பது தீதான், தாகம் அல்ல.

கழிவுநீர்க் குழாயிலிருந்து குடிநீர்க் குழாய் 3 மீட்டர் விலகியிருப்பது நல்லது. குறுக்கே கடக்கும் இடத்தில் குடிநீர் மேலே, குறைந்தது 45 செ.மீ. இடைவெளியில் போகட்டும். முட்டுச்சந்தில் முடியும் குழாயில் நீர் தேங்கி நாறும். இரு முனைகளையும் இணைத்து வளையமாக்குங்கள், முடியாவிட்டால் கடைசியில் கழுவிவிடும் வால்வு வையுங்கள்.

கேள்வி: எங்கள் நிலத்து மழைநீர் எப்போதும் பக்கத்து ஓடைக்குத்தான் போகிறது. இப்போது மட்டும் ஏன் தேக்கத் தொட்டி கேட்கிறார்கள்?

ஓடை அதேதான், போகும் நீர்தான் மாறப்போகிறது. ஒரு ஹெக்டேர் புல்தரையில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால், வழிவுக் கெழு (பெய்த மழையில் வழிந்தோடும் பங்கு) 0.25 என்ற கணக்கில் நொடிக்கு 35 லிட்டர் வெளியேறும். கூரையும் சாலையும் வந்தபின் கெழு 0.7 ஆகும், நீர் நொடிக்கு 97 லிட்டர். பழைய 35 லிட்டரை மட்டும் வெளியே விட அனுமதித்தால், அந்த மழை ஒரு மணி நேரம் நீடிக்கும்போது ஏறத்தாழ 220 கனமீட்டர் நீரை எங்காவது பிடித்துவைக்க வேண்டும். தாழ்வான மூலையில் பூங்காவுக்கு ஒதுக்கும் இடத்தையே தேக்கமாக்கலாம். அந்த மூலையில் மனை போட்டு விற்றுவிட்டுப் பிறகு இடம் தேடுபவர்களே அதிகம்.

கேள்வி: புதுச் சாலை முதல் மழையிலேயே கோடு கோடாக அமுங்கிவிட்டது. தார் தரமில்லையா?

கோடாக அமுங்கினால் தாரைக் குறை சொல்லாதீர்கள், அடியில் குழாய்ப் பள்ளத்தைப் பாருங்கள். தோண்டிய மண்ணை மொத்தமாகத் தள்ளி மேலே மட்டும் ரோலர் ஓட்டியிருப்பார்கள். 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஈரம் பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் கெட்டிப்படுத்தி, ஆய்வகத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் வந்ததா என்று சோதித்தபின்தான் அடுத்த அடுக்கு.

கேள்வி: மின்சாரம்?

டிரான்ஸ்பார்மருக்கு லாரி வந்து நிற்கக்கூடிய இடம் ஒதுக்குங்கள். தார் போடும் முன்பே சாலைக்குக் குறுக்கே பின்னர் கேபிள் இழுக்கக் காலிக் குழாய்கள், தேவைக்கு மேல் ஒன்றிரண்டு சேர்த்துப் புதையுங்கள்.

கேள்வி: வேலை முடிந்தால் நகராட்சி உடனே ஏற்றுக்கொள்ளுமா?

சோதனை முடிவுகள் இல்லாமல் ஏற்காது. குடிநீர்க் குழாயை வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில் சோதிப்பது வழக்கம். பிறகு லிட்டருக்கு 25 மி.கி. குளோரின் கலந்த நீரை 24 மணி நேரம் நிறுத்தி, கடைசியில் 10 மி.கி.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து, கழுவிவிட்டு, கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பார்கள். பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய்கள் மண் மூடி 30 நாள் கழித்து 5 சதவீதத்துக்கு மேல் நசுங்கியிருக்கக் கூடாது. கேமரா விட்டும் பார்ப்பார்கள். சாலை போட்டபின் இதில் தோற்றால் சாலையை வெட்டியாக வேண்டும் என்பதால், தார் போடும் முன்பே நடத்திவிடுங்கள். போட்டபடி வரைபடத்தில், அதாவது உண்மையில் புதைத்தபடி காட்டும் வரைபடத்தில், ஒவ்வொரு வீட்டு இணைப்பும் எந்த மேன்ஹோலிலிருந்து எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம் என்று இருக்க வேண்டும். அந்த அளவுகளைப் பள்ளம் திறந்திருக்கும்போதே எடுங்கள்.