வெப்பக் காற்றுப் பலூனில் உயரச் சாதனை படைப்பது ஏன் அவ்வளவு கடினம்?

தீயைக் கூட்டிக்கொண்டே போனால் பலூனும் ஏறிக்கொண்டே போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியல் கற்பித்த காலத்தில் மாணவர்களும் இதையே கேட்டார்கள்.

குளிரில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால், தோட்டத்தில் என் பெற்றோர் விடியுமுன்பே பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் கூட்டத்துக்கு)ப் போய், மரம் சீவத் தொடங்கிவிடுவார்கள். பலூனோட்டிகளும் விடியற்காலையையே விரும்புகிறார்கள். காற்று அடங்கியிருப்பது ஒரு காரணம், வெளிக்காற்று குளிர்ந்து கனமாக இருப்பது மற்றொன்று. பலூனைத் தூக்குவது தீயன்று, வெளிக்காற்றின் எடைக்கும் உள்காற்றின் எடைக்கும் உள்ள வேறுபாடே.

வகுப்பில் மூங்கில் கழிகளால் ஒரு கன மீட்டர் அளவுள்ள சட்டம் கட்டி இதை விளக்கினேன். நிலமட்டத்தில் அவ்வளவு காற்றை நூறு பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால் ஏறத்தாழ 250 கிராம் தூக்கும். 21 கிலோமீட்டர் உயரத்திலோ, காற்று மிகவும் மெலிந்துவிடுவதால், அதே வெப்பத்தில் 30 கிராம்தான் தூக்கும். எனவே பலூன் பேருருவமாக இருக்க வேண்டும். அதன் சுமை குறைவாக இருக்க வேண்டும்.

தீக்கும் அங்கே மூச்சு முட்டுகிறது, ஏனெனில் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் குறைவு. நம் நாட்டுக்கு மேலே 16, 17 கிலோமீட்டரில் வெப்பநிலை மைனஸ் 80 பாகை வரை இறங்கும்; பலூனின் எரிவாயுவான புரோப்பேனோ, குளிரக் குளிர, தோம்பிலிருந்து வேகமாக வெளிவரும் அழுத்தத்தை இழந்துவிடும். மனித உடலின் நிலை இன்னும் கொடியது. ஏறத்தாழ 19 கிலோமீட்டருக்கு மேல், உடல் வெப்பத்திலேயே நீர் கொதிக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் தாழ்ந்துவிடுவதால், அழுத்தம் காக்கும் அறையோ உடையோ இல்லாமல் உயிர் தங்காது.

1988இல் சுவீடனைச் சேர்ந்த பெர் லின்ட்ஸ்ட்ராண்ட் 19,811 மீட்டரை எட்டினார். அதைவிட 1,216 மீட்டர் கூடுதலாக ஏற 17 ஆண்டுகள் ஆயின என்பதே உங்கள் கேள்விக்குப் போதிய விடை என்று கருதுகிறேன். 26 நவம்பர் 2005 அன்று, 67 வயதான இந்தியத் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா, அழுத்தம் காக்கும் அறையில் அமர்ந்து மும்பையிலிருந்து 21,027 மீட்டர் ஏறினார். (ஹீலியம் பலூன்கள் இதைவிட உயரம் போயுள்ளன, அவற்றுக்குத் தீயே தேவையில்லை என்பதால் அது தனிப் பிரிவு.)

இறங்கும்போது விழும் வேகத்தைத் தணிக்கவும் தீ வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே, இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்ற ஆசை எழும்போதே, இறக்கத்துக்கான எரிவாயுவை ஒதுக்கி வைத்துத் திரும்பியாக வேண்டும். சிங்கானியா அவ்வாறு திரும்பி, நாசிக் அருகே பத்திரமாகத் தரையிறங்கினார்.