வாஸ்கோடகாமாவின் கடல்வழியை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது?

பள்ளிக் கண்காட்சிக்காக வாஸ்கோடகாமாவின் கடல்வழியை வரையவிருக்கும் ஆசிரியர் ஒருவர், லிஸ்பனிலிருந்து கோழிக்கோடு வரை ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே கோடு இழுக்கலாமா, திரும்பிய வழியைத் தனியே காட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

கரையை ஒட்டி இழுக்க வேண்டாம். 1497 ஜூலை 8 அன்று புறப்பட்ட காமாவின் நான்கு கப்பல்களும் கேப் வெர்டே தீவுகள் வரை பழகிய வழியிலேயே சென்றன. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையோரம் காற்றும் பெங்குவேலா நீரோட்டமும் வடக்கு நோக்கி வருவதால், பாய்மரக் கப்பல் அங்கே தெற்கே முன்னேறுவது பெரும்பாடு. ஆகவே ஆகஸ்ட் 3 அன்று அத்தீவுகளை விட்ட காமா, நடுக்கடலுக்குள் வெகுதூரம் விலகித் தென் அட்லாண்டிக்கில் பெரிய வில்லாக வளைந்து, மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்றைப் பிடித்துக் கிழக்கே திரும்பினார். நவம்பர் 4 வரை, அதாவது மூன்று மாதங்கள், பெருநிலத்தின் கரை கண்ணில் படவேயில்லை. 1492இல் கேனரித் தீவுகளிலிருந்து புறப்பட்ட கொலம்பஸுக்குக் கரை தெரிய ஏறத்தாழ ஐந்து வாரங்களே ஆயின. பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடும் இந்த வளைவுதான், என் பார்வையில், அப்பயணத்தின் மிகப் பெரிய சாதனை. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள செயிண்ட் ஹெலினா விரிகுடாவில் நங்கூரமிட்டதும், ஆடும் கப்பல் தளத்தில் அளவு பிசகும் என்பதால், அஸ்ட்ரோலேப் என்னும் மரத்தாலான பெரிய கோணமானியைக் கரையில் முக்காலியில் தொங்கவிட்டு, தாங்கள் இருக்கும் அட்சரேகையை அறிய நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்தார்கள். வளைவின் துல்லியமான தடம் பதிவாகவில்லை என்பதால், அதைப் புள்ளிக்கோடாக வரையுங்கள்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றியபின் இன்றைய கென்யாவிலுள்ள மலிந்தி வரை ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் கோடு செல்லட்டும்.

திரும்பிய வழியைக் கட்டாயம் வேறு நிறத்தில் காட்டுங்கள். இரு கோடுகளின் அருகிலும் மாதத்தை எழுதுங்கள். 1498 ஏப்ரல் 24 அன்று மலிந்தியை விட்டவர்கள் தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் மே 20 அன்றே கோழிக்கோட்டுக் கரையை அடைந்தனர். திரும்புகையிலோ, வடகிழக்குக் காற்று நிலைபெறக் காத்திராமல் அக்டோபர் 5 அன்று கோவாவுக்குத் தெற்கேயுள்ள அஞ்சதீவிலிருந்து கிளம்பியதால், அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. ஈறு வீங்கிப் பல்லை மூடும் ஸ்கர்வி நோயால் சுமார் 30 பேர் இறந்தனர். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யத் தெம்புள்ளவர்கள் ஏழெட்டுப் பேரே. ஆள் போதாமல் 'சாவ் ரஃபேல்' கப்பலை ஆப்பிரிக்கக் கரையில் எரித்துவிட்டார்கள்; அந்த இடத்தையும் குறியுங்கள்.

மலிந்தியில் ஏறிய வழிகாட்டி மாலுமியை, புகழ்பெற்ற அரபுக் கடலோடியான இப்னு மாஜித் என்று எழுதிவிடாதீர்கள். கப்பலில் சென்ற ஒருவரின் நாட்குறிப்பு அவர் பெயரைச் சொல்லவில்லை. பின்னாளைய போர்ச்சுகீசிய நூல்கள் அவரைக் குஜராத்தி என்கின்றன. 'மலிந்தியில் ஏறிய மாலுமி' என்று எழுதினாலே போதும்.